பழைய சரவுண்ட் ரிசீவர் வாங்கப் போகிறீர்களா? எந்தக் கோளாறு எதைச் சொல்கிறது

கோலாலம்பூரில் பழைய ஏவி ரிசீவருக்கு, அதாவது டிவி, பிளேயரின் சத்தத்தைப் பிரித்துச் சுற்றியிருக்கும் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிக்கு, பஞ்சமே இல்லை. வீடு மாறுகிறவர்கள், சவுண்ட்பாருக்குப் போய்விட்டவர்கள், ஹாலில் இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள் என்று எல்லாரும் முடா விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக ஆயிரக்கணக்கில் விற்ற செட் சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) போகும். ஆனால் "நல்ல கண்டிஷன், லேசான ஒரு சின்னப் பிரச்சினை" என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சின்னப் பிரச்சினை எது என்பதில்தான் விலையே இருக்கிறது.

ஒரு ரிசீவரை இரண்டு பாதியாகப் பார்த்துப் பழகுங்கள். ஒன்று ஆம்ப்ளிஃபயர்: டிரான்ஸ்ஃபார்மர், டிரான்சிஸ்டர், ரிலே. இது கெட்டி. கெட்டாலும் கைதேர்ந்த மெக்கானிக் யாரும் சரிசெய்துவிடுவார், சாமானும் கிடைக்கும். இன்னொன்று எச்டிஎம்ஐ உள்ள டிஜிட்டல் போர்டு. இது சீக்கிரம் பழசாகும், சூட்டில் சாகும், மாற்று போர்டு தேடினால் கிடைக்காது. முதல் பாதியில் கோளாறு என்றால் விலை பேசலாம். இரண்டாம் பாதியில் என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம், அல்லது அந்தப் பாதியே இல்லை என்று நினைத்து அதற்கேற்ற விலைக்கு வாங்கலாம்.

பார்க்கப் போகும்போது ஒரு பையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு சின்ன ஸ்பீக்கர், கொஞ்சம் வயர், போனிலிருந்து சிவப்பு வெள்ளை முனைக்குப் போகும் ஆடியோ கேபிள், ஒரு எச்டிஎம்ஐ கேபிள், ஹெட்போன், டார்ச், மலிவான மல்டிமீட்டர். பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கத்துப் பாசார் காராட் என்ற பழைய சாமான் சந்தையில் வாங்குவதாக இருந்தால் இதெல்லாம் வீண், அங்கே பிளக் சொருக இடம் இருக்காது. அங்கே வாங்கும் ரிசீவரை ஓடாத செட் என்றே கணக்கு வைத்துக் காசு கொடுங்கள்.

பட்டனை அழுத்தினால் எதுவுமே இல்லை

சிவப்பு விளக்குகூட எரியவில்லையா? முதலில் செட்டின் பின்பக்கம் டார்ச் அடித்து வோல்டேஜைப் படியுங்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட் (பேச்சில் 240 என்பார்கள்), 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய சாமான்களில் 100 வோல்ட் செட்டுகள் கலந்திருக்கும், அமெரிக்க செட் என்றால் 120. தட்டையான இரண்டு கால் பிளக்கில் அடாப்டர் மாட்டி யாராவது ஒருமுறை நேரே சுவரில் சொருகியிருந்தால் போச்சு. அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போயிருக்கும். பெரும்பாலும் ஸ்டாண்ட்பை டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போயிருக்கும்.

வோல்டேஜ் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, ஆனால் செட் ஓடுகிறது என்றால் அதன் ரேடியோவில் அலைவரிசையை நகர்த்திப் பாருங்கள். பல பழைய ஜப்பான் செட்டுகளில் எஃப்எம் 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் 99.3-இல் வரும் ராகா தமிழ் வானொலி அதில் வரவே வராது. அப்படி இருந்தால் விற்பவர் எங்கேயோ வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறார் என்று அர்த்தம், அதையும் சேர்த்துக் கேளுங்கள். ரிசீவரின் பின்னால் எழுதியிருக்கும் வாட்டைவிட அது தாராளமாகப் பெரியதாக இருக்க வேண்டும். பாஸ் அடிக்கும்போது சின்ன டிரான்ஸ்ஃபார்மர் திணறும்.

230 அல்லது 240 வோல்ட் செட்தான், ஆனால் உயிர் இல்லை என்றால் சுவர் சுவிட்ச், பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் இரண்டையும் பாருங்கள். சில செட்டுகளின் முகப்பில் ஸ்டாண்ட்பை பட்டனைத் தவிர மெயின் பவர் பட்டன் தனியாக இருக்கும், அதையும் அழுத்திப் பாருங்கள். அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும்.

ஆன் ஆகிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது

நல்ல ரிசீவர் ஆன் ஆனதும் சில நொடி அமைதியாக இருக்கும், அப்புறம் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச், ஒட்டும் சத்தம். ஆம்ப்ளிஃபயர் தன்னைத்தானே சோதித்து, எல்லாம் சரி என்று கதவைத் திறக்கிறது. அந்த டக் வராமலே அணைந்தால் அது புரொடெக்ஷன், செட் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைகிறது.

பிளக்கைப் பிடுங்குங்கள். எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றுங்கள், எல்லாம் என்றால் எல்லாமே. பிறகு ஆன் செய்யுங்கள். இப்போது அணையாமல் ஓடுகிறது என்றால் ஆம்ப்ளிஃபயரில் குற்றமில்லை, எங்கேயோ வயரின் பிசிறு ஒன்று பக்கத்து முனையைத் தொட்டிருக்கிறது அல்லது ஒரு ஸ்பீக்கர் ஷார்ட். பின்பக்கம் டார்ச் அடித்தாலே அந்த ஒற்றைச் செம்பு இழை தெரியும். விற்பவருக்கு இது தெரியாமல் விலையைக் குறைத்துப் போட்டிருந்தால் உங்கள் யோகம்.

வயர் எதுவுமே இல்லாமலும் அணைகிறது என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ பவர் சப்ளையோ போயிருக்கிறது. சில செட்டுகள் காரணத்தையும் சொல்லிவிடும். யமஹாவில் ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள் என்று திரையிலேயே எழுத்து ஓடும். டெனன் மாடல்கள் பலவற்றில் சிவப்பு விளக்கு இரண்டு நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் உள்ளே சூடு அதிகம். அரை நொடிக்கு ஒருமுறை படபடவென்று சிமிட்டினால் ஸ்பீக்கர் வயர் ஷார்ட், இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரே கோளாறு.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு: பல்லி. காற்றுத் துளை வழியாகச் சூட்டுக்கு ஒதுங்கப் போகும். 'டப்' என்று ஒரு சத்தம், செட் காலி. மேல்மூடியின் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பல்லி, கரப்பான் எச்சம், எறும்பு மண் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கரப்பான் கூடு வைத்திருந்த செட்டை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன். எச்சத்தின் ஈரம் போர்டில் இருக்கும் செம்பைத் தின்றுவிடும், இன்று ஓடினாலும் ஆறு மாதத்தில் ஒவ்வொரு இடமாக விட்டுவிடும்.

பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, சத்தத்தை ஏற்றும்போது மட்டும் அணைகிறதா? ஸ்பீக்கரின் பின்பக்கம் எத்தனை ஓம் என்று பாருங்கள். பழைய நடுத்தர ரிசீவர்கள் 6 ஓம், 8 ஓமுக்காகச் செய்யப்பட்டவை. நாலு ஓம் ஸ்பீக்கர் ஐந்தைக் கட்டி இழுத்தால் தாங்காது. செட்டைக் கண்ணாடி அலமாரிக்குள் அடைத்து, மேலே அஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி பெட்டியையும் தூக்கி வைத்திருந்தால் அதுவே காரணமாகவும் இருக்கலாம். மேலே ஒரு சாண் இடம் விட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

ஒரு பக்கம் சத்தம் இல்லை, அல்லது வந்து வந்து போகிறது

செகண்ட் ஹேண்ட் ரிசீவரில் அதிகம் பார்க்கக்கூடிய கோளாறு இது. பயப்பட வேண்டாத கோளாறும் இதுதான். செந்தூலில் ஒரு ஃப்ளாட்டில் செட் பார்க்கப் போனேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, இடது ஸ்பீக்கர் மெதுவாகச் செத்துப்போகிறது. விற்கிற அண்ணன் சோபாவிலிருந்து எழவேயில்லை.

"சவுண்டைக் கொஞ்சம் ஏத்தி எறக்குங்க தம்பி, வந்துரும்."

ஏற்றினேன், வந்துவிட்டது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால், "அது வாங்குன கொஞ்ச நாள்லேர்ந்தே அப்டித்தான்" என்கிறார்.

அவர் சொன்ன வைத்தியமே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. சத்தம் குறைவாக இருக்கும்போது ஒரு சேனல் மங்கி மறைந்து, வால்யூம் ஏற்றினால் பட்டென்று திரும்பி வந்தால் அது ரிலே. உள்ளே இருக்கும் தொடுமுனையில் கறுப்பு படிந்திருக்கிறது. குறைந்த மின்சாரம் அதைத் தாண்டாது, கூடினால் தாண்டிவிடும். ரிலே விலை சொற்பம், கழற்றி மாட்டும் கூலிதான் செலவு. புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் எலெக்ட்ரானிக் சாமான் இன்றும் கிடைக்கிறது. பழைய ரிலேயின் மேல் எழுதியிருக்கும் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போனால் பொருத்தமானதைத் தேடலாம்.

ஆனால் ரிலே என்று முடிவுகட்டும் முன் வேறு மூன்றைப் பாருங்கள். முதலில் செட்டை அணைத்துவிட்டு, பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயரை மாற்றிப் போடுங்கள். கோளாறு ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கரோ வயரோ, ரிசீவரோடு நின்றால் ரிசீவர். அடுத்து போன் கேபிளின் சிவப்பு வெள்ளையை மாற்றுங்கள். பல நேரம் குற்றவாளி அந்த மலிவு கேபிள்தான். மூன்றாவதாக ஹெட்போனைச் சொருகுங்கள். பல மாடல்களில் ஹெட்போனுக்கும் முன்பக்க ஆம்ப்ளிஃபயரிலிருந்தே சத்தம் வருகிறது. இரண்டு காதிலும் சுத்தமாகக் கேட்டு, ஸ்பீக்கரில் மட்டும் ஒரு பக்கம் இல்லையென்றால் ரிலே மேல் சந்தேகம் உறுதி.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரவென்று கிழிந்து வருகிறது என்றால் கதை வேறு. மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள், ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள், வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு சேனலின் சிவப்பு கறுப்பு முனைகளில் அளந்து பாருங்கள், இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனம். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. நூறைத் தாண்டினால் அந்தச் சேனல் நோயாளி, உங்கள் ஸ்பீக்கரையும் சூடாக்கும்.

வால்யூம் குமிழைத் திருகினால் குதிக்கிறது

குறைக்கத் திருகினால் கூடுகிறது, நாற்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குத் தாவுகிறது, ரிமோட்டில் மட்டும் ஒழுங்காக நடக்கிறது. குமிழின் பின்னால் இருக்கும் என்கோடர் அழுக்கு. தொடுமுனை துடைக்கும் ஸ்பிரே, இல்லையென்றால் புது என்கோடர். இதைச் சாக்காக வைத்து ஐம்பது வெள்ளி குறைக்கக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம்.

ம்ம்ம் என்று ரீங்காரம்

பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரிலோ சப்வூஃபரிலோ அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம். ரிசீவரை அணைக்காமல் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள், அஸ்ட்ரோ டிஷ் கேபிளும் டிவி ஆண்டெனா கேபிளும் முதலில். அதைப் பிடுங்கியதும் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாகச் சேர்வதால் வரும் இரைச்சல், ரிசீவரில் கோளாறு இல்லை. எல்லாச் சாமானையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகிப் பாருங்கள், அப்படியும் நிற்காவிட்டால் ஆண்டெனா கேபிளுக்கு ஐசோலேட்டர் போடலாம். பிளக்கின் எர்த்தைத் துண்டித்தால் ரீங்காரம் நிற்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நிற்கும்தான், அன்றிலிருந்து செட்டின் தகரப் பெட்டியைத் தொடும்போது உயிருக்கு உத்தரவாதம் இருக்காது.

எல்லாக் கேபிளையும் பிடுங்கிய பிறகும் எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரி ரீங்காரம் வந்தால் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கின்றன. சத்தம் ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டிக்குள்ளிருந்தே வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் முனகல். காது வைத்தால்தான் கேட்கும் அளவென்றால் விட்டுவிடுங்கள்.

எச்டிஎம்ஐ-யில் படம் இல்லை, அல்லது படம் இருக்கிறது சத்தம் இல்லை

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், விற்பவர் ஏமாற்றாமலே.

பின்பக்கம் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, எந்தக் காலத்து எச்டிஎம்ஐ என்பது முக்கியம். 1.3 வந்தது 2006-இல், 1.4 வந்தது 2009-இல், 4கே-யை 60 ஃபிரேமில் கடத்தும் 2.0 வந்தது 2013-இல். ரிசீவர்களுக்கு அவை வந்து சேர அதற்கு மேலும் கொஞ்சம் நாள் பிடித்தது. நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு எச்டிசிபி 2.2 என்ற நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டும் வேண்டும், 2014-க்கு முந்திய ரிசீவர்களில் அதை எதிர்பார்க்காதீர்கள். அப்படிப்பட்ட செட் வழியாக 4கே பெட்டியை ஓட்டினால் படம் 1080-க்கு இறங்கும், அல்லது திரை கறுத்து நிற்கும். இது பழுதே இல்லை. அதன் வயது அவ்வளவுதான்.

இதற்கு வழி இருக்கிறது, அதனால்தான் பழைய செட்டை வாங்கலாம் என்கிறேன். படத்தை ரிசீவர் வழியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். பெட்டியை நேரே டிவியில் சொருகுங்கள், டிவியிலிருந்து சத்தத்தை மட்டும் ரிசீவருக்கு இறக்குங்கள். 1.4 காலத்து செட்டாக இருந்து, அதன் எச்டிஎம்ஐ அவுட் பக்கத்தில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை அதே கேபிளில் திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதியிருந்தால் ஒரே கேபிளில் வேலை முடிந்தது. டிவியிலும் ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையில்தான் சொருக வேண்டும், ரிசீவர் மெனுவில் எச்டிஎம்ஐ கண்ட்ரோலையும் ஆன் செய்ய வேண்டும். அதற்கும் முந்திய செட் என்றால் ஆப்டிகல் கேபிள். ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வரை வரும், புளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்டி வராது. காண்டோ ஹாலில் அந்த வித்தியாசத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறவர் அபூர்வம்.

இனி உண்மையான பழுது. எஃப்எம் பாடுகிறது, ஆப்டிகல் பாடுகிறது, எச்டிஎம்ஐ எதில் சொருகினாலும் சத்தம் இல்லை. அல்லது முதல் பத்து நிமிடம் இருந்து, சூடானதும் போய்விடுகிறது. அது டிஜிட்டல் போர்டு. 2009-லிருந்து 2012 வரை தயாரான ஆன்க்யோ மாடல்கள் பலவற்றில் இது இவ்வளவு பரவலாக வந்ததால் அந்த நிறுவனமே உத்தரவாதக் காலத்தை 2018 கடைசி வரை நீட்டித்தது. அதுவும் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆன்க்யோ ஹோம் எண்டர்டெய்ன்மெண்ட் நிறுவனம் 2022-இல் திவாலும் ஆனது. அந்த 2009-2012 காலத்து ஆன்க்யோ என்றால் எச்டிஎம்ஐ-யில் போட்டு அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். விற்பவர் தேநீர் கொடுத்தால் குடியுங்கள், கொடுக்காவிட்டாலும் உட்கார்ந்திருங்கள்.

பழுது என்று தீர்ப்புச் சொல்லும் முன் எல்லாவற்றையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து டிவி, ரிசீவர், பிளேயர் என்ற வரிசையில் ஆன் செய்து பாருங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். ரீசெட்டும் செய்யலாம். ஆன்க்யோ பலவற்றில் முகப்பில் உள்ள கேபிள் சாட்டிலைட் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்த வேண்டும். யமஹாவில் ஸ்ட்ரெய்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் உள் மெனு திறக்கும். இடி மின்னலில் அடிபட்ட செட்டும் இதே அறிகுறியைக் காட்டும். நம் ஊர் மாலை இடிக்கு முதலில் பலியாவது எச்டிஎம்ஐ-யும் ஆண்டெனாப் பக்கமும்தான், ரீசெட்டில் அது எழுந்திருக்காது.

முன்பக்கம் மட்டும் பாடுகிறது, பின்னால் சத்தமே இல்லை

யூடியூபைப் போட்டுவிட்டு 5.1 வரவில்லை என்று புகார் சொல்கிறவர்கள் பலர். அங்கே பெரும்பாலானவை ஸ்டீரியோ. போனிலிருந்து கேபிளில் வருவதும் ஸ்டீரியோ. ரிசீவரின் டெஸ்ட் டோனைப் போடுங்கள், இஸ்ஸ் என்ற சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். சுற்றி வந்தால் ஆம்ப்ளிஃபயர் முழுசாக நலம்.

சில விற்பனையாளர்கள் ஆல் சேனல் ஸ்டீரியோவில் போட்டு, "பாருங்க, அஞ்சும் பாடுது" என்பார்கள். ஐந்தும் பாடும்தான், ஒரே பாட்டை. டால்பி பிரிகிறதா என்பது அதில் தெரியாது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட் பிசிஎம் என்று இருந்தால் பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள், பிறகு 5.1 உள்ள ஒரு படத்தைப் போடுங்கள். முகப்பில் டால்பி டிஜிட்டல் என்று எரிய வேண்டும். எரிந்தும் பின்னால் அமைதி என்றால், யாரோ ஸ்டீரியோ மோடை அழுத்தி வைத்திருக்கிறார்களா, மெனுவில் சரவுண்ட் ஸ்பீக்கர் இல்லை என்று குறித்திருக்கிறதா பாருங்கள்.

பின்னணி இசை அதிர்கிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்பதும் இதே குடும்பம்தான். சென்டர் ஸ்பீக்கர் கட்டாமலே மெனுவில் சென்டர் இருக்கிறது என்று குறித்திருப்பார்கள், வசனம் முழுக்க இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். இல்லை என்று மாற்றினால் முன்பக்க இரண்டுக்கும் பிரிந்து வந்துவிடும்.

மெனுவே தெரியவில்லை

பழைய செட் பலவற்றில் மெனு எச்டிஎம்ஐ-யில் வராது, மஞ்சள் வீடியோ ஓட்டையில்தான் வரும். புது டிவியில் பெரும்பாலும் அந்த மஞ்சள் ஓட்டை இருக்காது. முகப்புத் திரையிலேயே எழுத்து எழுத்தாகப் படித்து அமைக்கலாம், பொறுமை இருந்தால். அந்த முகப்புத் திரையும் மங்கியிருந்தால் விளக்கை அணைத்துப் பாருங்கள். டிம்மர் பட்டனை அழுத்தியும் வெளிச்சம் கூடவில்லையென்றால் பெரும்பாலும் திரை தேய்ந்துவிட்டது, அதற்கு மாற்று தேடி அலைய வேண்டாம்.

ரிமோட் இல்லாத செட்டை யோசித்து வாங்குங்கள். சில மாடல்களில் ரிமோட் இல்லாமல் ஸ்பீக்கர் அமைப்புக்குள் நுழையவே முடியாது. அதே மாடல் நம்பருக்குரிய மாற்று ரிமோட் ஆன்லைனில் கிடைக்கிறதா என்று விற்பவர் வீட்டு வாசலில் நின்றே தேடிப் பாருங்கள். கூட வந்த, ஸ்பீக்கர்களின் சத்தத்தை அளந்து செட் தன்னைத்தானே அமைத்துக்கொள்ள உதவும் அளவு மைக்கையும் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் அது ஏதாவது டிராயரில் கிடக்கும். தொலைந்துவிட்டது என்றால் வேறு பிராண்டு மைக்கைச் சொருகி ஏமாறாதீர்கள். டெனனின் ஆடிசி (Audyssey) ஒரு மைக்குக்கும் யமஹாவின் வைப்பாவோ (YPAO) இன்னொரு மைக்குக்கும் அளவு வைத்திருக்கின்றன, இரண்டும் அந்தத் தானியங்கி அமைப்பின் பெயர்கள், மாற்றிப் போட்டால் கணக்கு தப்பும். டேப் எடுத்து உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரம் அளந்து மெனுவில் கையால் போடுங்கள், பாஸ் சத்தம் சப்வூஃபருக்கு மாறும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், டெஸ்ட் டோனைக் கேட்டு எல்லா ஸ்பீக்கரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேர வேலை.